'பயனில்லை' என்றார்கள்... இன்று கம்ப்யூட்டர்களுக்கே எல்லை போட்ட எண்!

2,14,74,83,647. பத்து இலக்கம் இருப்பதால் யாருடைய மொபைல் நம்பரோ என்று தோன்றலாம். ஆனால், கணித உலகில் இது ஒரு வி.ஐ.பி!

2-ஐ 31 முறை எழுதி, ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் கிடைப்பதுதான் இந்த எண். இது ஒரு பகா எண். அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது.

பார்வை மங்கிய மேதை

இதை 1772-ல் நிரூபித்தவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த அவருக்கு அப்போது பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

இந்த எண்ணைச் சோதிக்க 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஏறத்தாழ 4,800 எண்கள் உண்டு. ஆய்லர் ஒரு குறுக்குவழி கண்டார். இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும். அந்த நிபந்தனைக்குள் வருபவை சுமார் 370 எண்கள்தான். எதுவுமே இதை வகுக்கவில்லை!

6-ன் வகுத்திகளான 1, 2, 3-ஐக் கூட்டினால் 6 வரும். இப்படிப்பட்டவை 'நிறைவெண்கள்'. ஆய்லரின் பகா எண்ணிலிருந்தும் ஒரு பிரமாண்ட நிறைவெண் கிடைத்தது. "இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இவற்றால் பயனில்லை" என்ற பொருளில் 1811-ல் எழுதினார் இங்கிலாந்துக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ. அந்தக் கணிப்பு பொய்த்தது.

யூடியூப் முதல் 2038 வரை

கம்ப்யூட்டர்கள் நீண்டகாலமாக எண்களை 32 பிட்களில் சேமித்துவந்தன. ஒரு பிட் பிளஸ், மைனஸ் குறிக்குப் போக, மீதி 31-ல் அடங்கும் மிகப்பெரிய எண் இதுவேதான்! 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் வியூஸ் இந்த எல்லையைத் தாண்டியது. அதற்காக யூடியூப் தன் கவுன்ட்டரையே 64 பிட்டுக்கு மாற்றியது.

அடுத்த சோதனை நேரத்துக்கு. பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அந்தக் கணக்கு இந்த எண்ணைத் தொடும். 32 பிட்டிலேயே நிற்கும் சாதனங்களில் அடுத்த நொடி தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்! இன்று 20 ஆண்டு வீட்டுக்கடன் கொடுத்தால், அதன் தவணைத் தேதிகள் இப்போதே அந்த நாளைத் தாண்டிப் போகின்றன.

புதிய ஸ்மார்ட்போன்களும் கம்ப்யூட்டர்களும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டதால் பதற்றம் வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து அப்டேட்டே பார்க்காத பழைய கருவிகள்தான் கவலைக்குரியவை. வீட்டில் அப்படி ரவுட்டரோ, சிசிடிவி ரெக்கார்டரோ இருந்தால், சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!