நூலுக்கு ஆராய்ச்சிக் கூடம் உண்டு, நுரையீரலுக்கு எங்கே?

திருப்பூரிலிருந்து கப்பலேறும் ஒரு பனியனை எடுத்துக் கொள்வோம். அந்தப் பனியனுக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள், தோழர்களே!

அதன் நூலுக்கு முறுக்கு சரியா, வலு சரியா, மேடுபள்ளம் உண்டா என்று பார்க்கக் கோவையில் 'சிட்ரா' என்ற ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. 1956-ல் தொடங்கியது. மில் முதலாளிகளின் ஸ்தாபனம்தான். மத்திய சர்க்காரின் பணமும் அதில் உண்டு. நூல் துணியாகிச் சாயமேறியதும் இன்னொரு பரிசோதனை. சிலவகை அஜோ சாயங்கள் உடம்பில் பட்டால் பிரிந்து புற்றுநோய் விளைக்கும் பொருளாக மாறும் என்பதால், 1994-ல் ஜெர்மனி அவற்றுக்குத் தடை போட்டது. இந்திய சர்க்காரும் 1990களில் 112 சாயங்களைத் தடை செய்தது. ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அந்த நஞ்சு இருந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும். ஆகவே சோதிக்கிறார்கள், சர்ட்டிபிகேட் வாங்குகிறார்கள். நல்லது, சோதிக்கட்டும். ஜெர்மன் குழந்தையும் நம் குழந்தைதான்.

ஆனால் இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? சாயத்தால் மூத்திரப்பையில் புற்று வரும் என்பதை 1895-ல் உலகுக்குச் சொன்னவர் பிராங்பர்ட் நகரத்து அறுவை வைத்தியர் லுட்விக் ரேன். அவர் பனியன் போட்டவனைப் பார்த்துச் சொல்லவில்லை. சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளிகளைப் பார்த்துச் சொன்னார். தொழிலாளி செத்துக் கற்றுக் கொடுத்த பாடம் அது! அந்தப் பாடத்தின் பலன் இன்று உடுத்துகிறவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயப்பட்டறையில் சாயப் பொடியையும் பிளீச்சிங் மருந்தையும் கையால் அள்ளிக் கொட்டுகிறவனுக்கு எப்போது வரும்?

தண்ணீருக்குக்கூடக் கணக்கு உண்டு. லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் உப்பு கரைந்த கழிவை வெளியே விடக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது. அதை அளக்கப் பரிசோதனைச் சாலையும் வைத்திருக்கிறது. நூலை அளக்கிறார்கள், துணியை அளக்கிறார்கள், கழிவு நீரை அளக்கிறார்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் இந்த ஊரில், மூச்சை விட்டுப் பஞ்சை இழுத்த தொழிலாளியின் நெஞ்சை ஆண்டுதோறும் அளந்து ஏட்டில் பதியும் கூடம் எங்கே?

திங்கட்கிழமை நோய்

புளோரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் லீவு முடிந்து வேலைக்குப் போனால் சில மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போலிருக்கும், இருமல் வரும். மறுநாள் சற்றுத் தேவலை. ஆரம்பத்தில் லீவு கழிந்த முதல் நாள் மட்டும். சில வருஷங்கள் போனால் மற்ற நாட்களிலும். அப்புறம் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் மாடிப்படி ஏற முடியாது. இதற்கு வைத்திய நூலில் 'பிஸ்ஸினோசிஸ்' என்று பெயர். பஞ்சோடு ஒட்டி வருகிற இலைச் சருகும், அதில் வளரும் கிருமிகளின் நஞ்சும் தூசியாகப் பறந்து நெஞ்சில் இறங்குவதுதான் காரணம் என்று இன்று விஞ்ஞானம் சொல்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளை ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங், 1950களிலேயே இந்த நோய்க்குப் படிப்படியாகத் தரம் பிரித்து எழுதி வைத்துவிட்டார்.

கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டுமா? வேண்டாம். ஒரு குழாயில் பலம் கொண்ட மட்டும் ஊதச் சொல்லி, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்று அளக்கும் கருவி போதும். லீவு முடிந்த நாளில் ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, ஷிப்ட் விட்டதும் ஒரு தடவை ஊதினால், அந்த எட்டு மணி நேரம் மனிதனிடமிருந்து எவ்வளவு மூச்சைப் பிடுங்கியது என்று எண்ணாகத் தெரிந்துவிடும். எண்ணாகத் தெரிந்துவிடும் என்பதுதான் முதலாளிக்கு வயிற்றைக் கலக்குகிறது!

மில் டாக்டரிடம் போனால் "பீடி குடிப்பாயா?" என்பதுதான் முதல் கேள்வி. பீடி இந்த நோயை மோசமாக்கும் என்பது உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆனால் பீடியைத் தொட்டே அறியாத பெண்பிள்ளைகள் மில் ஹாஸ்டலில் இருமுகிறார்களே, அவர்களிடம் என்ன கேட்பார்? இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. நிரந்தரமாக நெஞ்சு கெடப் பல வருஷங்கள் பிடிக்கும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷத்துக்குப் பெண்களைக் கொண்டு வந்து, கசக்கி, அனுப்பிவிட்டுப் புதுப் பெண்களைக் கொண்டு வந்தால் மில்லின் ஏட்டில் நோயாளியே இருக்க மாட்டார்! நோய் தேனி மாவட்டத்துக் கிராமத்திலோ ஒடிசாவின் குடிசையிலோ போய்ப் படுத்துக் கொள்ளும். இங்கே ஏடு சுத்தமாக இருக்கும். வார லீவே கொடுக்காத இடத்தில் திங்கட்கிழமை நோய்க்குத் திங்கட்கிழமைகூடக் கிடையாது.

"இப்போதெல்லாம் நவீன யந்திரம், தூசியே இல்லை" என்பார்கள். மிக்க சந்தோஷம். தூசி இல்லையென்றால் அளப்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

ராக்பெல்லர் கட்டிய பள்ளி

பொதுச் சுகாதாரம் படித்துக் கொடுக்கப் பல்கலைக்கழகங்களில் தனிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆராய்ச்சி மையங்கள், பரிசோதனைச் சாலைகள், நிபுணர்கள் எல்லாம் உண்டு. இந்த வகையில் உலகுக்கு முன்மாதிரியானது அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பள்ளி. 1916-ல் ராக்பெல்லர் நிதியின் பணத்தில் எழுந்தது. எந்த ராக்பெல்லர்? அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1914 ஏப்ரலில், கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளிகளின் கூடாரங்களைச் சுட்டுக் கொளுத்தினார்களே, பெண்களும் பிள்ளைகளும் மாண்டார்களே, அந்தச் சுரங்கக் கம்பெனி எவர் கையில் இருந்ததோ அதே ராக்பெல்லர்! கல்கத்தாவில் 1932-ல் தொடங்கிய அகில இந்திய சுகாதார நிலையத்துக்கும் அந்தப் பணம் வந்தது. கொக்கிப்புழுவை ஒழிக்க அவர்கள் பாடுபட்டது மெய். ஏழைகள் பிழைத்ததும் மெய். ஆனால் புழு தொழிலாளியின் ரத்தத்தைக் குடித்தால் முதலாளிக்கு நஷ்டம். பஞ்சுத் தூசி குடித்தால்? தூசியை ஒழிக்க முதலாளியே செலவு செய்ய வேண்டும். புழுவின் மேல் இருந்த கோபம் தூசியின் மேல் இல்லாமல் போனதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

அதே அமெரிக்காவில், 1969-ல் ஜவுளி முதலாளிகளின் பத்திரிகை ஒன்று, பஞ்சுநோய் என்பதே டாக்டர்கள் கிளப்பிவிட்ட கட்டுக்கதை என்று கூசாமல் எழுதியது. பின்னே வடக்கு கரோலினாவின் ஆராய்ச்சியாளர்கள், காற்றில் தூசி ஏற ஏற நோயும் ஏறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு மட்டும் போதவில்லை. மூச்சு முட்டிய பழைய மில் தொழிலாளிகள் 1975-ல் 'பழுப்பு நுரையீரல் சங்கம்' கட்டி ஊர்வலம் வந்தார்கள். அதன் பிறகே 1978-ல் சட்டம் வந்தது: நூற்பு ஆலையில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போய், "செலவையும் வரவையும் எடை போட்டுப் பாருங்கள்" என்று வாதாடினார்கள். 1981-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அதைத் தள்ளிவிட்டது. பரிசோதனைச் சாலையும் சங்கமும் கைகோத்ததால் கிடைத்த வெற்றி இது. ஒன்று தனியாக நின்றிருந்தால் கிடைத்திருக்காது.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். அகமதாபாத்தில் 1966 முதல் தொழில்சார் சுகாதார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்நகரத்து ஆலைகளைப் பற்றி 1989-ல் வெளியான ஆய்வில், புளோரூமில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கும் கார்டிங்கில் 38 பேருக்கும் இந்த நோய் இருந்தது. பம்பாயில் கே.ஈ.எம். ஆஸ்பத்திரி டாக்டர்கள் மில் தொழிலாளிகளைச் சோதித்தார்கள். அங்கே தொழிலாளிகள் ஈ.எஸ்.ஐ.யிடம் போராடி நஷ்டஈடும் பெற்றார்கள். சென்னையில் அயப்பாக்கத்தில் தொற்றுநோயியல் நிலையமும் அதன் பொதுச் சுகாதாரப் பள்ளியும் இருக்கின்றன. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உப்பளத்துக்கே போய் வெய்யிலை அளந்து, தொழிலாளிகளின் சிறுநீரகம் கெடுவதை எழுதியிருக்கிறார்கள். இவர்களை நாம் குறை சொல்லவில்லை, வணக்கம் சொல்கிறோம். ஈ.எஸ்.ஐ. கழகம் தொழில்நோய்க்கென்று தனி மையம் வைத்திருப்பதோ சென்னை கே.கே. நகரில். திருப்பூரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல்! பீஸ் ரேட்டில் வாழ்கிறவன் ஒண்ணரை ஷிப்டை விட்டு, ரயிலேறிப் போய், குழாயில் ஊதிவிட்டு வருவானா?

சட்டத்தில் குறைவில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, பஞ்சுநோயைக் கண்ட டாக்டர் இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டும் என்றிருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் நஷ்டஈட்டு நோய்ப் பட்டியலிலும் அது இருந்தது. 1995-ல் கல்நார்த் தொழிலாளிகள் வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் அவனது அடிப்படை உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் கண்டுபிடித்தால்தானே எழுத முடியும்! 2025 நவம்பர் 21-ல் மோடி சர்க்கார் அமலாக்கிய புதிய தொகுப்புச் சட்டமோ, மின்சக்தியில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 ஆக்கியது. பனியன் தொழிலில் பவர்டேபிள், செக்கிங், அயர்னிங் யூனிட் எத்தனை இந்தக் கணக்குக்குள் வராமல் நழுவும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கூலிக்கு ஏக்கர் ஏது?

வயலில் வேலை செய்யும் தோழர்கள் இது மில்காரர் பிரச்னை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயக் குட்டையானது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டில் போராடி, 2006-லும் 2009-லும் தீர்ப்புப் பெற்று, 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவு வரை கொண்டு வந்தார்கள். மண்ணைச் சோதித்தார்கள், கிணற்றைச் சோதித்தார்கள். நிலத்தின் பரப்பைப் பார்த்து நஷ்டஈடு கணக்கிட்டார்கள். அந்தத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று களை எடுத்த கூலிப் பெண்ணுக்கு நிலம் ஏது? அவள் தோலையும் வயிற்றையும் எந்தக் கூடம் சோதித்தது? அவளுக்கு ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசும் முதலாளியிடம் 3 ரூபாய் 25 காசும் ஈ.எஸ்.ஐ. வாங்குகிறது. பிச்சை அல்ல, நம் பணம்! அந்தப் பணத்தில் இங்கேயே தொழில்நோய் ஆராய்ச்சிக் கூடம் அமைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் இரவும் திறந்திருக்க வேண்டும். மில்லுக்குள் தூசியை அளக்க அது முன்னறிவிப்பின்றிப் போக வேண்டும். முதலாளி சுத்தம் செய்து வைத்துக் கொண்டு அழைக்கிற நாளில் அல்ல. முடிவைத் தொழிலாளி கையில் தமிழிலும், வெளிமாநிலத் தோழர்களுக்கு அவரவர் மொழியிலும் எழுதித் தர வேண்டும். விவசாயக் கூலிகளுக்கும் அங்கே இலவசமாகக் கதவு திறக்க வேண்டும். அதன் நிர்வாகத்தில் பஞ்சாலை, பனியன், விவசாயத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அதிகப்படியான ஆசையா? 1970-லேயே இத்தாலியின் தொழிலாளர் சாசனம் 9ஆம் பிரிவில், ஆரோக்கிய விதிகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கவும், அதற்கான ஆராய்ச்சியை ஊக்கவும் தொழிலாளிகளுக்கே உரிமை தந்திருக்கிறது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது.

கூடம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வருகிற வாரம் ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் ஒரு தோழர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொள்ளட்டும். மூன்றே கேள்விகள்: லீவு முடிந்து வந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறதா? மற்ற நாட்களிலும் இறுகுகிறதா? எத்தனை வருஷ சர்வீஸ்? பெயர் வேண்டாம், டிக்கெட் நம்பரும் வேண்டாம். டிபார்ட்மெண்ட் மட்டும் எழுதினால் போதும். ஆற்றோர ஊர்களில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள், தோல் புண்ணும் வயிற்றுக் கோளாறும் எத்தனை குடும்பங்களில் என்று எழுதட்டும். நோட்டுப் புத்தகங்கள் மாதக் கடைசிக்குள் சங்க ஆபீசுகளில் வந்து சேரட்டும். அவற்றைக் கலெக்டர் மேஜையில் வைப்போம். மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் ஒரு பிரதி கொடுப்போம்.