மொட்டைமாடியிலிருந்து மலைக்கு

மலையில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் முதலில் சொந்த வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும் என்று எந்த மகானுபாவர் சொன்னாரோ, நாம் அறியோம். நம் புதல்வி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆகவே 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுநாள் இரவு, ஆனையூரில் நம் வீட்டு மாடியில் ஒரு பச்சைக் கூடாரம் எழும்பியது.

அதில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம் என்று உறையின்மேல் அச்சிட்டிருந்தது. அந்த மூன்று பேர் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் அச்சிட மறந்துவிட்டார்கள். நம் தலை உள்ளே இருந்தால் கால் வெளியே இருந்தது; காலை இழுத்துக்கொண்டால் தலை வெளியே வந்தது. 2011-ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பிறகும் ஆனையூர் தன் பெயரிலுள்ள ஊரை விடவில்லை, கண்மாயையும் விடவில்லை. கண்மாய்க் கொசுக்களோ நம்மை விடவில்லை. இரவு இரண்டு மணிக்கு இல்லத்தரசி படியேறி வந்து, "பேசாமல் கீழே வந்து படுங்கள். மலை எங்கேயும் ஓடிப் போய்விடாது" என்றாள்.

அவள் குரலில் பரிகாசம் இல்லை. பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. நாங்கள் போகவிருந்த இடம் குரங்கணி.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து ஒரு குழு; ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. பெரும்பாலும் இளம்பிள்ளைகள், பெண்கள் பலர். அன்று மாண்டவர்களும், பிறகு மருத்துவமனைகளில் மாண்டவர்களுமாக 23 பேர். அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி இல்லை என்று பின்னர் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அந்த வாரம் நம் மதுரையில், காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த வண்டிகளின் ஓசையைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இதிலே நமக்கென்று ஒரு கணக்கும் உண்டு. அவ்வருஷம் குறிஞ்சி பூக்கும் வருஷம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலர்வது. 2006-ல் மலர்ந்தது, 2018-ல் மலர வேண்டியது. குறிஞ்சித் திணை என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற நாம் அந்தப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. "இந்த ஆண்டு உங்களை அழைத்துப் போய்க் காட்டுகிறேன்" என்று வகுப்பில் வாக்குக் கொடுத்திருந்தோம். மார்ச்சில் தீ வந்தது. ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. "மலைப் பயணமே வேண்டாம்" என்று பெற்றோர் சொல்லு முன்பே நாம் சொல்லிவிட்டோம். யாரும் நம்மைத் தடுக்கவில்லை, நாமே பின்வாங்கினோம். பூ பூத்தது, உதிர்ந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போய்விட்டார்கள். அப்போது ஆறாம் வகுப்பிலிருந்த நம் மகள் மட்டும் இதை மறக்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பியதும் அவள் முதலில் கேட்டது புதுச் சேலையல்ல. "அப்பா, குரங்கணிக்குப் போவோமா?" என்றுதான் கேட்டாள்.

நிற்க. மதுரையிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டோம். 1928-ல் போடப்பட்ட இந்தப் பாதையை, அகலப்படுத்துவதற்காக 2010 முடிவில் மூடினார்கள். தேனி வரை 2022-லும், போடி வரை 2023 ஜூனிலும் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. தொண்ணூறு கிலோமீட்டர்ப் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தவம். குறிஞ்சிக்கும் இந்த ரயிலுக்கும் ஒரே ஜாதகம் போலும் என்று மகள் சொன்னாள். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி நுழைந்ததும் காற்றின் குணமே மாறிவிட்டது.

குரங்கணியில், காட்டுக்குள் இராத் தங்குவது கூடாது என்ற விதியை மதித்து, ஊருக்குள்ளே ஒரு பெரியவர் வீட்டு முற்றத்தில் கூடாரத்தைக் கட்டினோம். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்து, "வீட்டுக்குள்ளே இடம் இருக்கே வாத்தியாரய்யா, ஏன் இந்தப் பைக்குள்ளே போறீக?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இரவு, பேச்சு தானாகவே அந்த நாளுக்குப் போயிற்று. அன்று மாலை முதலில் மேலே ஏறியவர்களில் அவ்வூர்க்காரர்கள் உண்டு. விமானப் படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் வந்து சேருமுன், இருட்டில் போர்வையில் தொட்டில் கட்டிக் காயம்பட்டவர்களை இறக்கியவர்கள் அவர்கள். "தண்ணி தண்ணின்னு கேட்டாக. கொண்டு போனது பத்தலை" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நெருப்பு மேலே ஏறும்போது மனுஷன் கால் அதுக்கு ஈடு கொடுக்காதய்யா" என்றார்.

பௌதிக சாஸ்திரமும் அதையேதான் சொல்கிறது. சமவெளியில் தீ தனக்கு முன்னே உள்ள புல்லைத் தொட்டுத்தான் எரிக்கும். சரிவிலோ, சுவாலை மேலே சாய்ந்து, இன்னும் தொடாத புல்லையும் முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மனிதனுக்கோ சரிவு கூடக்கூட வேகம் குறைகிறது. ஆகையால் தீயைக் கண்டு மலையுச்சியை நோக்கி ஓடுவது, அதன் வாய்க்குள் ஓடுவதற்குச் சமம். பக்கவாட்டில் விலகுவது, புல்லில்லாத பாறையையோ, எரிந்து ஆறிய தரையையோ அடைவது – இவையே உயிர் தப்ப வழி. இதை நம் பாடப் புத்தகங்களில் எத்தனை பக்கத்தில் சொல்லியிருக்கிறோம்?

அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2018-லேயே தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளை வகுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தது. அந்த நாற்பதில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் வழியும் ஒன்று. தீக்காலம் என்று 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்தியும் வைத்தார்கள். நாம் ஜனவரியில் போனதன் இரகசியம் இதுதான்.

மறுநாள் காலை ஏறினோம். வழிகாட்டி அந்தப் பக்கத்து இளைஞர். நம் பையைச் சோதித்துத் தீப்பெட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நகர்ந்தார். புகைபிடிக்காத வாத்தியாரைத் தீப்பெட்டிக்காகச் சோதித்தார்களே என்று நமக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. முந்தின இரவு கேட்டதை நினைத்ததும் அது போய்விட்டது. மாந்தோப்பும் இலவமரமும் காப்பித் தோட்டமும் கடந்து, புல்சரிவு தெரியத் தொடங்கியது. நாம் நூறடிக்கு ஒரு தரம் இயற்கைக் காட்சியை ரசித்தோம். "ரசிக்கிறீர்களா, மூச்சு வாங்குகிறீர்களா?" என்று மகள் கேட்டாள். இரண்டும்தான்.

மேலே கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன். 1908 முதல் அங்கே மூணாற்றுத் தேயிலையைச் சுமந்து ஒரு குட்டி ரயில் வந்தது. அங்கிருந்து கம்பிவழியாகக் கொட்டக்குடிக்கு இறக்கினார்கள். 1924-ஆம் வருஷத்து வெள்ளம் அந்த ரயிலை வழித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கும் அப்பால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. 2003-ல் அறிவிக்கப்பட்டது, ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இன்னும் மேற்கே இரவிகுளம். 97 சதுர கிலோமீட்டர், 1978 முதல் தேசியப் பூங்கா. நம் மாநில விலங்காகிய வரையாட்டுக்குப் பெரிய புகலிடம் அது. அமெரிக்காவில் 1872-ல் எல்லோஸ்டோன் பூங்காவை ஒதுக்கியபோது தொடங்கிய எண்ணம், 1936-ல் இமயத்தின் அடிவாரத்துக்கு வந்து, இப்போது ஜிம் கார்பெட் பெயர் தாங்கும் பூங்காவாயிற்று. பிறகு நம் மேற்கு மலைக்கும் வந்தது.

பூங்கா என்றால் வேடிக்கை பார்க்கும் தோட்டமென்று நினைத்துவிடக் கூடாது. வழியில் ஓடைக்கரையில் உட்கார்ந்தபோது வழிகாட்டி, "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா ஐயா?" என்று கேட்டார். கேள்வி கேட்டே பழகிய நாம் விழித்தோம். மகள் சொன்னாள்: "கொட்டக்குடி ஆற்றுக்கு. அங்கிருந்து வைகைக்கு."

அவ்வளவுதான் விஷயம். மேலே சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் வாங்கி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அந்த நீர் வைகையில் சேர்ந்து, 1959-ல் திறந்த அணையில் தங்கி, குழாய் வழியாக மதுரைக்கு வருகிறது. மலை எரிந்தால் நம் குடத்திலும் அது தெரியும். மாடியில் கொசுவோடு போராடியபோது அருகில் வைத்திருந்த செம்புத் தண்ணீரிலும் இந்த மலையின் பங்கு இருந்தது என்பதை நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

மலை ஆபத்தானது என்று கதவைச் சாத்துவதும் சரியல்ல. அது நம் விளையாட்டு மைதானம் என்று துள்ளிக் குதித்துப் போவதும் சரியல்ல. பருவமறிந்து, அனுமதி பெற்று, ஊர்க்காரர் பேச்சைக் கேட்டு நடக்கிறவனுக்கு மலை இடம் கொடுக்கும். பிள்ளைகளுக்கு நாம் கற்பித்திருக்க வேண்டியது இதுவே. ஏழு ஆண்டுக்கு முன் நாம் கற்பித்ததோ பயம் ஒன்றைத்தான்.

வீடு திரும்பியதும் இல்லத்தரசி முதலில் மகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்து, "அடுத்த தடவை பெரிய கூடாரமாக வாங்குங்கள். இதில் எனக்கு இடம் இல்லை" என்றாள்.

அடுத்த குறிஞ்சி 2030-ல். அன்றைய வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய முகவரி நம்மிடம் இருக்கிறது. கொடுத்த வாக்குக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொருவருக்காகக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.