பற்றரியைக் குற்றஞ் சொல்லுமுன்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி 'டக், டக்' என்று முனகிவிட்டு ஓய்ந்துவிடுமாயின், "பற்றரி போய்விட்டது" என்று அங்கேயே தீர்ப்புக் கூறிவிடுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடித் தள்ளுவார்கள், வண்டி கிளம்பிவிடும். மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் கடையிலிருந்து புதிய பற்றரி வரும். ஆறு மாதங் கழித்து அதுவும் படுத்துவிட்டால், பழி கடைக்காரர் தலையில் விழும். பற்றரி இறங்குவது நோயின் அடையாளமேயன்றி, எப்பொழுதும் அதுவே நோயாகிவிடாது. இதனையே இவ்வாரம் நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கண்டியிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாக மடுல்கெல்லவுக்கு ஏறும் பாதையை அறிந்தவர்களுக்கு இஃது ஏதோ பொழுதுபோக்குச் சங்கதியன்று என்பது நன்கு விளங்கும். நக்கிள்ஸ் மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களில், நடுச்சாமத்தில் பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், லயத்தில் யாரோ ஒருவரிடம் உள்ள வானோ முச்சக்கர வண்டியோதான் பலருக்குக் கதி. பற்றரியின் நிலையைச் சாவியைத் திருப்பித் தெரிந்துகொள்வதற்கு அதுவா நேரம்?

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 இலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டவேண்டியதாயிற்று. 2022 இல் பெற்றோலும் டீசலும் கிடையாமல் வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றதையும், அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டுப் பங்கீடு வந்ததையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள் கைக்கு வந்தபோது பற்றரி கைவிட்ட வண்டிகள் பல. அஃது ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்க.

சிறிய கார் ஒன்றின் பற்றரி சுமார் 40 அம்பியர்-மணி கொள்ளும். நிறுத்திவைத்த வண்டியிலும் மணிக்கூடு, எச்சரிக்கைச் சங்கு, வண்டியின் கணனி ஆகியவை ஏறக்குறைய 30 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். இது குற்றமன்று. ஆயினும் ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-மணி வீதம் முப்பது நாளைக்கு 21.6 ஆகிவிடுகிறது. பாதிக்கு மேல் போயிற்று! இனி, பின்புறப் பெட்டியின் மூடி சரியாகப் பூட்டாமல் உள்ளேயுள்ள 5 உவாற்று விளக்கு எரிந்துகொண்டேயிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 0.42 அம்பியர் குடிக்கும். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டியைத் திங்கட்கிழமை காலை எடுக்கும்போது 25 அம்பியர்-மணி காணாமற் போயிருக்கும். ஓர் அற்ப விளக்கு இரண்டரை நாளில் செய்கிற வேலை இது.

ஆகவே வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முதலில் அளந்து பார்க்கவேண்டும். அளவுமானி ஒன்று புதிய பற்றரியின் விலையில் மிகச் சிறு பங்குக்கே கிடைக்கிறது. வண்டியைக் குறைந்தது ஓர் இரவு ஓய்வில் விட்டு, பற்றரியின் இரு முனைகளிலும் அளந்தால், நிறைந்த பற்றரி 12.6 வோல்ற்று அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12 க்குக் கீழே என்றால் வெறுமைக்கு அண்மை. உள்ளே ஆறு கலங்கள் வரிசையாக இருப்பதும், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ற்றுத் தருவதுமே இக்கணக்கின் அடிப்படை. 1859 இல் பிரான்சு தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே ஆக்கிய ஈய-அமிலக் கலத்தின் பேரப்பிள்ளைகளே இவை. மூடி கழற்றக்கூடிய பற்றரியாயின், ஹைட்ரோமீற்றர் எனும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு கலத்தின் அமிலத்தையும் சோதிக்கலாம். நிறைந்த கலம் 1.265 அளவில் காட்டும். ஐந்து கலங்கள் ஒன்றுபோலக் காட்ட ஆறாவது மட்டும் மிகத் தாழ்ந்து நின்றால், அப்பற்றரிக்கு மருந்தில்லை, மாற்றுவதே வழி.

அடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டு அதே முனைகளில் அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 13.8 க்கும் 14.5 க்கும் இடையில் காட்டும். எண் 12.4 இலேயே நின்று, பிறகு இறங்கவுந் தொடங்கினால், பற்றரிக்கு ஊணே கிடைக்கவில்லை. ஓல்ற்றனேற்றரை ஓட்டும் பட்டி தளர்ந்திருக்கலாம், ஓல்ற்றனேற்றரே பழுதாகியிருக்கலாம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓடும்போதே பற்றரியின் கம்பியைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் ஆகிறது" என்று சொல்லும் மேதைகள் இன்றும் இருக்கிறார்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது. இக்காலத்து வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, கணனிப் பெட்டியைச் சுட்டுவிடக்கூடும்.

பற்றரியும் நன்று, சார்ஜும் நன்று, ஆனாலும் இறங்குகிறது. அப்படியானால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் துப்பறியும் வேலை. எமக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. வண்டியின் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் முனைக்கும் இடையில் அளவுமானியைப் பத்து அம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். (இப்படி இணைத்திருக்கையில் சாவியைத் திருப்பலாகாது, அளவுமானி கருகும்.) கணனிகள் உறங்க அரைமணி நேரம் பொறுத்திருந்து பார்க்கவும். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300, 400 என்று காட்டினால், உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே எண்ணைக் கவனிக்கவும். எந்த உருகியைக் கழற்றியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அந்தக் கிளையில்தான் கள்வன் இருக்கிறான். எல்லாவற்றையும் கழற்றியும் எண் இறங்கவில்லையா? ஓல்ற்றனேற்றரின் தடித்த கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். அதனுள் உள்ள டயோட்டுப் பழுதானால், பகலில் ஊட்டியதை இரவில் அதுவே உறிஞ்சிவிடும். இன்னொன்றுஞ் சொல்லவேண்டும்: பிற்பாடு பூட்டிய பாட்டுப் பெட்டிகளும் வர்ண விளக்குகளும் உருகியின் வழியே போகாமல் நேரே பற்றரியில் மாட்டப்பட்டிருப்பதுண்டு. முச்சக்கர வண்டிகளில் இவற்றையே முதலிற் பார்க்கலாம். பாட்டு நின்றாலும் தாகம் நிற்பதில்லை.

மலைக்குளிரின்மேல் பழி போடுவோரும் உளர். மடுல்கெல்லக் குளிர் நல்ல பற்றரியைக் கொல்லாது. முன்பே நலிந்ததைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. பற்றரியின் ஆயுளைக் குறைப்பது வெப்பந்தான். மலைநாட்டில் நாம் அஞ்சவேண்டியது ஈரம். பற்றரி முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பூக்கும் தூள், மின்னோட்டத்தின் வழியை அடைத்துவிடும். கம்பிகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மீண்டும் பூட்டி வசலின் தடவினால், புதிய பற்றரிச் செலவே மிஞ்சிவிடக்கூடும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடவேண்டும் என்பதை மறக்கலாகாது.

தள்ளிக் கிளப்பிய வண்டியைப் பன்விலைக் கடைத்தெரு வரை ஓட்டிவந்தால் பற்றரி நிறைந்துவிடும் என்பதும் வெறும் நம்பிக்கையே. வண்டியைக் கிளப்ப ஸ்ராட்டர் 200 அம்பியர் வரை இழுத்தாலும், அது மூன்று விநாடிக்குத்தான், 0.17 அம்பியர்-மணிகூட ஆகாது. அதனைச் சில நிமிட ஓட்டமே ஈடுசெய்யும். ஆனால் அடியோடு இறங்கிய பற்றரியை நிரப்பப் பல மணி நேரம் வேண்டும். மூடுபனியில் முன்விளக்கு இரண்டையும் ஏற்றி, மழைத் துடைப்பானையும் ஓடவிட்டு மெதுவாகப் போகிற குறுகிய பயணத்தில், வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிடும். சார்ஜரில் ஓர் இரவு வைப்பதே முறை. அவ்வேளை ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால், பீடி சுருட்டோடு அருகே போகவேண்டாம்.

நடுச்சாமத்து அவசரத்துக்கு வேறொரு வண்டியின் பற்றரியிலிருந்து கம்பி கொடுப்பதாயின் ஒழுங்கு இதுதான்: சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிய பற்றரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பற்றரியின் நேர்முனையிலும் மாட்டுக. கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை நல்ல பற்றரியின் எதிர்முனையில் மாட்டி, மறு நுனியைக் கிளம்பாத வண்டியின் பற்றரியில் மாட்டாமல், அதற்குச் சற்றுத் தள்ளி இயந்திரத்தின் வெற்று இரும்பிற் பூட்டுக. பொறி பறந்தாலும் வாயுவுக்கு அப்பால் பறக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்புக. ஹைபிரிட் வண்டிகளிலும் 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்று தனியே இருக்கிறது. சிலவற்றில் பின்புறத்தில் மறைந்திருக்கும். கம்பி கொடுக்கும் இடம் எதுவென்று வண்டியின் கைநூலைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்க. அவற்றின் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் மட்டும் எக்காரணங் கொண்டும் கைவைக்க வேண்டாம். உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் அவற்றில் ஓடுகிறது.