புனேக்குப் பொண்ணை அனுப்பலாமா, அண்ணாச்சி?

விருதுநகர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் என்னை மடக்கினார். சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேன். மகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள். நீட் தேர்வில் பிரமாதமான மார்க்.

"தம்பி! நீங்க பேப்பர்காரர். புனேயில மிலிட்டரி டாக்டர் காலேஜ் இருக்காமே? பைசா செலவில்லையாமே? சேர்த்து விடட்டுமா?" என்றார்.

அவர் மட்டும் அல்ல, பல அப்பாமார்கள் கேட்கிற கேள்விதான் இது. பதிலை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லி விடுகிறேன்.

சும்மா கிடைக்குமா?

ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-ல் புனேயில் தொடங்கியது. எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது 1962-ல். படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது நிஜம்தான். ஆனா, காசுக்குப் பதில் வருஷத்தை வாங்கிக் கொள்வார்கள்!

படிப்பு நாலரை வருஷம். பயிற்சி ஒரு வருஷம். அப்புறம் ராணுவ அதிகாரி வேலை. குறுகிய கால கமிஷன் என்றால் 7 வருஷம். நிரந்தர கமிஷன் என்றால் அதுவே ஆயுள் உத்தியோகம். 18 வயதில் சேருகிற பொண்ணு, சீக்கிரம் வெளியே வந்தாலும் 30 தாண்டி விடும்.

படிக்கிற காலத்தில் கல்யாணம் கூடாது. போகச் சொன்ன ஊருக்குப் போகணும். அது காஷ்மீராகவும் இருக்கலாம், கப்பலாகவும் இருக்கலாம். சேரும்போதே பாண்டு எழுதணும். நடுவில் விட்டு வந்தால் பெரிய தொகை கட்டணும். வீட்டை விற்றுக் கட்டுகிற நிலைமை வரக் கூடாது பாருங்கள்!

நீட் மார்க் மட்டும் போதாது. ஆங்கில அறிவையும் யோசிக்கும் திறனையும் பார்க்க கம்ப்யூட்டர் தேர்வு உண்டு. நேர்முகம் உண்டு. உடல் தகுதிச் சோதனையும் உண்டு. பெண்களுக்கு உள்ள இடமோ சுமார் 30. அகில இந்தியாவுக்கும் சேர்த்து!

உள்ளூரிலேயே இருக்கு!

இதைத்தான் அவர் யோசிக்கவில்லை. புனேயில் கூப்பிடுகிற அளவுக்கு மார்க் இருந்தால், இங்கே அரசுக் கல்லூரியில் இடம் ஏறக்குறைய நிச்சயம். 2020-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று.

அப்புறம் காசுக்காக ராணுவத்துக்கு ஏன் ஓடணும்?

"பொண்ணு எதுக்கு டாக்டர் ஆகணும்கிறா?" என்று கேட்டேன்.

"தீக்காயம் பட்டு வர்றவங்களைக் காப்பாத்தணுமாம்" என்றார்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி. சுமார் 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளம். 20 பேருக்கு மேல் மாண்டார்கள். இந்த மண்ணுக்கு டாக்டர் எவ்வளவு தேவை என்று அந்தப் பொண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

தடுக்கவும் வேண்டாம்

அதற்காக ராணுவம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புனிதா அரோரா அந்தப் புனே கல்லூரியில் படித்தவர்தான். 2004-ல் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவியைப் பிடித்த முதல் பெண்மணி! காயம் பட்டவனைக் காப்பாற்றும் வித்தையை ராணுவத்தில் கற்றுத் திரும்பி வந்தாலும் நமக்கு லாபம்தான்.

சீருடை மேல் ஆசை இருந்தால் போகட்டும். பொட்டப்புள்ளை என்று தடுக்க வேண்டாம். 'பீஸ் இல்லை' என்பது மட்டுமே காரணம் என்றால், வேண்டவே வேண்டாம்!

"சரி, பொண்ணு என்ன சொல்றா?" என்றேன்.

"இன்னும் கேக்கலை தம்பி" என்று தலையைச் சொறிந்தார்.

பாண்டை நீங்கள் படிக்கலாம். பார்டரில் நிற்கப் போவது அவள். முதலில் அவளைக் கேளுங்க, அண்ணாச்சி!