கடல் விமானமும் நன்னீரும்

வெப்பமண்டலக் கடற்பகுதிகளுக்குக் கடல் விமானம் ஏற்றதா என வினவுவோர் உளர். ஏற்றதே, ஆயின் அதனை நாள்தோறும் பேண வல்லார்க்கே ஏற்றது என்பது எம் கருத்து.

ஓடுபாதையற்ற சிறு தீவுகள் நிறைந்த மாலத்தீவில் 1990களிலிருந்து இவ்விமானங்கள் பறந்து வருகின்றன. உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும். வெப்பமும் ஈரமும் அவ்வரிப்பை விரைவுபடுத்தும். ஆதலின் பறத்தல் முடிந்ததும் மிதவை, உடற்பகுதி, இயந்திரம் ஆகியவற்றை நன்னீரால் கழுவுவது அங்கு அன்றாடக் கடமை. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. எனவே சுமையையும் அளந்தே ஏற்ற வேண்டும்.

குஜராத்தின் சபர்மதி ஆற்றில் 2020 அக்டோபர் 31 அன்று இத்தகைய சேவை தொடங்கியது. மாலத்தீவிலிருந்து தருவித்த அவ்விமானம், ஒரு திங்கள் நிறையுமுன்பே பராமரிப்புக்காக அங்கேயே திரும்பிச் செல்ல நேர்ந்தது. 2021 ஏப்ரலில் சேவை நின்றது. அயல்நாட்டுப் பதிவு பெற்ற விமானத்தை இயக்கும் பெருஞ்செலவே காரணம் என்று அரசு பின்னர் கூறியது.

விமானத்தை வாடகைக்குப் பெறலாம். பேணும் திறனை அவ்வாறு பெறுதல் அரிது. ஆகவே இறங்குதுறைக்கு அடிக்கல் நாட்டுமுன் பழுதுபார்க்கும் பட்டறையும், நன்னீர் வசதியும், பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் அமைதல் வேண்டும். இளைஞர்க்கு வேலை தரும் துறையும் அதுவே. அரசும் கல்வி நிலையங்களும் இதனை எண்ணிப் பார்க்குமாக!