ஓரம் எங்கே இருக்கிறது?
கிறிஸ்துமஸ் வாரத்தில் பேரப்பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போய்ப் பஞ்சுப்பனி மரத்தருகே படம் எடுக்கிறோம். பழைய சென்னையைக் காட்டலாமே என்பீர்கள். எப்படி நடப்பது?

கோட்டைக்குள் 1680-இல் எழுந்த புனித மேரி ஆலயத்தைப் பார்த்துவிட்டு அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனேன். அரண்மனை ஏதும் இல்லை; ஆர்மீனியன் என்பது நம் வாயில் அப்படியானது. அவர்கள் 1772-இல் கட்டிய கோயில் அங்கே நிற்கிறது. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 6.

நடைபாதையில் பைக்குகள், மூட்டைகள், மின்சாரப் பெட்டி. சாலையில் இறங்கினால், "பெருசு, ஓரமாப் போ!" என்கிறார் ஆட்டோக்காரர். ஓரம் எங்கே ஐயா? பாரம்பரியம் என்று விழா எடுப்பவர்களே, அந்தத் தெருவில் ஒரு பக்கமாவது ஒழித்துக் கொடுங்கள். கைத்தடியோடு நடக்கும் நண்பரை அடுத்த டிசம்பரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.