கடாரத்துப் பாசிமணி



சுங்கைப்பட்டாணி இரவுச் சந்தையிலோ, அலோர் ஸ்டார் தையல் சாமான் கடையிலோ, சின்னப் பொட்டலங்களில் தொங்கும் கண்ணாடிப் பாசிமணியைப் பார்த்திருப்பீர்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நடுவில் ஊசி நுழைய ஒரு துளை. மகள் ஆசையாகக் கேட்டால், "ஊசிமணி பாசிமணி விற்கப் போகிறாயா?" என்று அதட்டிவிட்டு நடக்கிறோம். அந்தக் கடுகு மணிக்குள் ஒரு கடல் கடந்த கதை இருக்கிறது. அதைக் கேட்டபிறகு, வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம்.

கைவேலை செய்பவர்கள் நல்ல சரக்கு என்று தேடி வாங்குவதில் ஒன்று, செக் நாட்டுப் பாசி. அந்நாட்டின் வடக்கே, மலையும் காடும் சூழ்ந்த யாப்லோனெட்ஸ் என்ற ஊரும் அதன் சுற்று வட்டாரமும் பல தலைமுறைகளாகக் கண்ணாடித் தொழிலிலேயே வாழ்ந்தவை. உலைக்கு விறகு காட்டிலேயே கிடைத்தது. பன்னிரண்டு சரங்களை ஒரு கட்டாகக் கட்டி விற்பது அவர்கள் வழக்கம். மணிக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11-ஆம் எண் மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். பினாங்கிலும் மலாக்காவிலும் நோன்யாப் பெண்கள் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைத்த காலணிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த இத்தகைய மணிகள்தாம் அவற்றில் மின்னுகின்றன.

"சரி, வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பொருள்" என்று நினைத்துவிடாதீர்கள்!

யாப்லோனெட்ஸ் உலைகள் எரியத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் நம்மவர்கள் கண்ணாடி மணி செய்தார்கள். 1945-இல் மார்டிமர் வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர் அங்கே அகழ்ந்து பார்த்தார். ரோமாபுரியோடு வணிகம் நடந்த துறைமுகம் அது என்பது உலகுக்குத் தெரிந்தது. அந்த மண்ணில் மணிகளுக்கும் பஞ்சமில்லை.

செய்முறையைக் கேளுங்கள். உலையில் உருகிய கண்ணாடியை, உள்ளே துளை இருக்கும்படி, மெல்லிய நீளக் குழாயாக இழுப்பார்கள். ஆறியதும் அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பு கையைக் கிழிக்கும் அல்லவா? ஆகவே ஒன்றோடொன்று ஒட்டாதபடி சாம்பலில் புரட்டி மறுபடி சூடுகாட்டுவார்கள். கூர் மழுங்கி, மணி உருண்டுவிடும். ஆந்திராவில் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கைத்தொழில் நம் காலம்வரை நிலைத்திருக்கிறது.

இப்போது நம் கெடாவுக்கு வருவோம். கோத்தா கோலா மூடாவுக்கு அருகே, மூடா ஆற்றோரம், சுங்கை மாஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் தோண்டியபோது கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. மணி மட்டுமா? கண்ணாடிக் கட்டிகளும் செய்முறை மிச்சங்களும் கிடைத்தன. அப்படியானால், மணி இங்கே விற்பனைக்கு மட்டும் வந்து இறங்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணிலேயே செய்யப்பட்டது! அதுவும் அரிக்கமேட்டு வழியிலேயே, குழாய் இழுத்து நறுக்கிச் செய்த மணி. ஜெராய் மலையைக் கண்டு கப்பலோட்டிகள் கரை சேர்ந்த கடாரம் இது. 1025-இல் இராசேந்திர சோழன் படையெடுத்து வந்தான் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். வாளைப் பற்றிப் படித்தோம். மணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கடல் கடந்து வந்த கலையை இந்த மண்ணின் கைகளும் பழகிக்கொண்டன. ஆகவே, "எங்களுடையது மட்டுமே" என்று யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், "பாட்டன் பால்மரம் வெட்ட வந்தான், அதற்கு முன் இந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன?" என்று பிள்ளை கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் ஒரு மணி இருக்கிறது.

மதிப்பு தெரியாவிட்டால் எதுவும் குப்பைதான். 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டியை, அதாவது பழங்கோயிலின் அடித்தளத்தை, வீடமைப்புக்காக இடித்துவிட்டார்கள். நாடே பதறியது. நாம் மட்டும் என்ன செய்தோம்? தோட்டம் கைமாறி, லயத்தைவிட்டு டவுனுக்குக் குடிபோனபோது, பாட்டியின் தகரப்பெட்டியைத் தூக்கி எறிந்த குடும்பங்கள் எத்தனை! அதற்குள் ஒரு பாசிமணிச் சரம் இருந்திருக்கலாம். சரவாக் மேட்டுநிலத்துக் கெலாபிட் மக்களோ, பழைய பாசியைத் தலைமுறைச் சொத்தாகக் காக்கிறார்கள்.

எனவே சகோதரிகளே, இரண்டு காரியம் செய்யுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். தோட்டத்து மண்ணில் பழைய மணியோ ஓடோ தட்டுப்பட்டால், மடியில் முடிந்துகொள்ளாமல், கிடைத்த இடத்தைக் குறித்து அங்கே தெரிவியுங்கள். கிடந்த இடம் தெரிந்தால்தான் மணி பேசும்.

வீட்டில் பாட்டியின் சரம் இருக்கிறதா? நூல் இற்றுப்போயிருந்தால், இன்றிரவே உட்கார்ந்து புது நூலில் கோத்துவிடுங்கள். பக்கத்தில் மகளையும் உட்கார வையுங்கள்.